பிழைத்தவளின் கதை

2021இல் என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்றார்கள் வீட்டில். பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். "சின்ன வயசுல ஏதாவது பெரிய ட்ரீட்மெண்ட் எடுத்திருக்கீங்களாம்மா?" அவள் பக்கத்தில் அவளுடைய மாமியார். எதிரே எங்கள் அம்மா. தங்கை வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டார். "டைபாய்டு வந்துச்சு டாக்டர். ரொம்ப நாள் இருந்துச்சு."

அன்று இரவு எனக்கு போன் வந்தது.

"அண்ணா, எனக்கு ஏத்துன மருந்து பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அது சிவப்பாக இருக்கும், ஏற்றிய அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும், தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய். மூன்று ஆண்டுகள் சென்னைக்கும் ஊருக்கும் அலைந்தோம். முடி கொட்டியதற்கு டைபாய்டு என்று ஊரில் சொல்லிவைத்தோம். டைபாய்டு வந்தால் முடி கொட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பொய் நின்றது. தடியான ஒரு ஃபைல் இருந்தது. அவளுக்கு ஜாதகம் எடுத்த வருடம், போகி அன்று விடியற்காலையில், பழைய பாயோடும் துடைப்பத்தோடும் சேர்த்து அம்மா அதை எரித்துவிட்டார்.

அம்மாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு அந்த ஃபைல் முடிந்துபோன கதை. முடிந்த கதையை எரிப்பதுதானே போகி.

ஆனால் அந்த இரவிலிருந்து ஒரு கேள்வி எனக்குள் இருக்கிறது. குழந்தைப் பருவத்துப் புற்றுநோயைப் பற்றி இவ்வளவு படித்திருக்கிறோம், அழுதிருக்கிறோம். பிழைத்த குழந்தைக்கு அதன்பின் என்ன ஆனது என்று எந்தக் கதையாவது சொல்லியிருக்கிறதா? இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் நான் திரும்பத் திரும்பப் போய்நின்ற ஒரு புத்தகத்தைப் பற்றியது. லூசி கிரீலி எழுதி 1994இல் வெளியான 'ஆட்டோபயோகிராஃபி ஆஃப் எ ஃபேஸ்'. ஒரு முகத்தின் சுயசரிதை.

1

முதலில் நமக்குப் பழக்கமான கதைகள். அவற்றுக்கு இரண்டே முடிவுகள். ஒன்று, நோயாளி இறந்துவிடுவார். இல்லையென்றால் குணமாகிவிடுவார். இரண்டிலும் திரை விழுவது ஒரே இடத்தில்தான்.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) நினைவிருக்கிறதா? புற்றுநோய் வந்த கணவன் பிழைக்கிறான், காப்பாற்றிய டாக்டர் இறந்துபோகிறார். டாக்டரின் தியாகம்தான் படம். பிழைத்தவன் பிறகு எப்படி இருந்தான் என்பது படத்தின் கவலை இல்லை. அது பெரியவரின் நோய்தான், ஆனால் கதையின் சட்டகம் அதேதான்.

அடுத்து, நம் தலைமுறை கண்ணீர் விட்ட 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. ஜான் க்ரீனின் இந்த நாவல் 2012இல் வந்தது. 'தில் பேச்சாரா'வாக இந்தியிலும் பார்த்துவிட்டோம். அதில் ஹேசலுக்கு ஒரு பித்து உண்டு. அவளுக்குப் பிடித்த நாவல் பாதியிலேயே அறுந்துபோய் நிற்கிறது. அதிலுள்ள மனிதர்களுக்குக் கதைக்குப் பிறகு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஆம்ஸ்டர்டாம் வரை போகிறாள். எவ்வளவு சரியான கேள்வி! ஆனால் கவனித்துப் பாருங்கள், அவள் கேட்பது நோயாளி போன பிறகு மிஞ்சியிருப்பவர்களைப் பற்றி. நோயாளியே மிஞ்சினால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த நாவலுக்குள் எழ வாய்ப்பே இல்லை. எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டு, ஒரு காலை இழந்து, கிண்டலும் சிரிப்புமாக அறிமுகமாகும் அகஸ்டஸை நாவல் கொன்றுவிடுகிறது. அவனுக்கு 35 வயதாகி, செயற்கைக் காலை மாற்றுவதற்கு இன்ஷூரன்ஸ்காரரோடு மல்லுக்கட்டும் அத்தியாயத்தை யாரும் எழுதப்போவதில்லை.

மூன்றாவது, சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்' (2010). நான் மிகவும் மதிக்கும் புத்தகம். அதில் 'ஜிம்மி'யின் கதை வருகிறது. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பரிடம் சிகிச்சை பெற்ற 12 வயதுச் சிறுவனை, உண்மைப் பெயரை மறைத்து 'ஜிம்மி' என்று பெயரிட்டு, ஒரு வானொலி நிகழ்ச்சியில் பேசவைத்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி வாங்க 20,000 டாலர் கேட்டார்கள். வந்து குவிந்தது 2,31,000 டாலருக்கும் மேல். ஜிம்மி ஒரு நிதியத்தின் பெயரானான். பையன் இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணினார்கள். 50 ஆண்டுகள் கழித்து, 1998இல், ஐனர் குஸ்டாஃப்சன் என்ற லாரி ஓட்டுநர் அதே பாஸ்டனுக்குத் திரும்பி வந்தார். அவர்தான் ஜிம்மி.

முதல் தடவை அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கும் சிலிர்த்தது. தங்கையின் போனுக்குப் பிறகு மறுபடி படித்தபோது எரிச்சல் வந்தது. அந்த மனிதர் 50 ஆண்டுகள் ஓர் உடம்போடு வாழ்ந்திருக்கிறார். பேரைத் தெரிந்துவைத்திருந்த ஒரு தேசம் அவரை இறந்தவராகவே நினைத்துக்கொண்டிருந்தது. அந்த 50 ஆண்டுகள் முகர்ஜிக்கு ஓர் அற்புதத்தின் இடைவேளை. நோயின் வரலாற்றை எழுதுகிறவருக்கு நோய் போன பிறகு உள்ள உடம்பு எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. இது முகர்ஜியின் குறை மட்டும் இல்லை. நாமும் அப்படித்தான் படிக்கிறோம்.

2

லூசி கிரீலி டப்ளினில் 1963இல் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் தாடையில் யூயிங் சார்கோமா. தாடையெலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கதிர்வீச்சும் கீமோவும். புற்றுநோய் திரும்பவே இல்லை. மருத்துவக் கணக்கில் முழு வெற்றி. மீதி வாழ்நாள் முழுவதும், ஏறத்தாழ 30 அறுவைசிகிச்சைகள் மூலம், அவர் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

புத்தகம் ஆரம்பிப்பது ஆஸ்பத்திரியில் இல்லை. பணக்காரக் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களுக்குக் குட்டிக் குதிரைகளைக் கொண்டுபோகும் வேலையில் இருக்கிறாள் பதின்வயதுப் பெண் லூசி. குழந்தைகள் குதிரையைப் பார்க்க ஓடி வந்து அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். அதாவது சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு தொடங்குகிறது புத்தகம். மற்றவர்கள் முற்றும் போடும் இடம் இவருக்கு முதல் பக்கம். ஒரு வாசகனாக எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

இந்த நூலைப் பெரும்பாலும் அழகைப் பற்றிய புத்தகமாகவே பேசுகிறார்கள். பெண்ணுடலின் மேல் சமூகம் சுமத்தும் அழகு என்ற பாரம், முகமே அடையாளமாகிவிடும் கொடுமை. எல்லாம் உண்மைதான், நூலில் இருக்கிறது. ஹாலோவீன் நாளில் முகமூடி போட்டுக்கொண்டு முதல்தடவையாகச் சுதந்திரமாகத் தெருவில் நடக்கும் சிறுமியின் பகுதியைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாசிப்பு ஒரு முக்கியமான விஷயத்தைத் தவறவிடுகிறது என்பது என் எண்ணம். அவர் முகம் திரும்பத் திரும்பக் கலைந்துபோனதற்கு அழகியல் காரணம் இல்லை. உடலியல் காரணம். இடுப்பிலிருந்து எலும்பையும் தசையையும் எடுத்து வைப்பார்கள், சில மாதங்கள் நன்றாக இருக்கும், பிறகு கரைந்துபோகும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். புதிதாக நட்டது பிடிக்காது. உயிரைக் காத்த அதே சிகிச்சைதான் பிறகு வந்த ஒவ்வொரு முகத்தையும் தின்றது. பற்களும் அப்படித்தான் போயின.

மருத்துவத்தில் இதற்குப் பின்விளைவு என்று பெயர். சிகிச்சை முடிந்து 10, 20, 30 ஆண்டுகள் கழித்து வருவது. அந்த மொழியில் பார்த்தால், கிரீலி எழுதியது பின்விளைவுகளின் சுயசரிதை. அந்த மொழி அவர் கையில் இல்லை. நூல் நெடுக யாரும் அவரை உட்காரவைத்து, "இந்த உடம்புக்கு இன்னின்னது நடந்திருக்கிறது, இனி இன்னின்னது நடக்கலாம்" என்று சொல்வதே இல்லை. ஒவ்வொரு அறுவைசிகிச்சை நிபுணரும் புதிதாக வருகிறார், புதிதாக நம்பிக்கை தருகிறார். அடுத்த அறுவைசிகிச்சை முடிந்ததும் தன் உண்மையான வாழ்க்கை ஆரம்பிக்கும் என்று லூசி காத்திருக்கிறார். எதையும் தொடர்ச்சியாகப் பார்க்கும் ஒரு ஆள் இல்லை. என் தொழிலின் மொழியில் சொன்னால், 20 வருடப் பழைய மென்பொருள், ஆளுக்கொரு திருத்தம், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவேடு மட்டும் இல்லை.

எனக்கு வயிற்றைப் பிசைந்த பகுதி ஒன்று உண்டு. சிகிச்சையெல்லாம் கடந்து ஒருநாள், வீட்டில் பேச்சுவாக்கில் தனக்குப் புற்றுநோய் வந்ததைப் பற்றி யாரோ சொல்ல, லூசி திகைத்துப்போகிறார். புற்றுநோயா, எனக்கா? தனக்கு வந்தது யூயிங் சார்கோமா என்றுதான் அவருக்குத் தெரியும். அதுதான் புற்றுநோய் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதை அவர் கிட்டத்தட்ட வேடிக்கையாகவே எழுதுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைபாய்டு என்ற சொல் காதில் கேட்டது.

3

இது லூசியின் தனிப்பட்ட விபத்து என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவில் பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு பெரும் ஆய்வு 1994இல், இந்த நூல் வெளிவந்த அதே ஆண்டில், தொடங்கியது. அவர்களில் 635 பேரிடம் நடத்திய விசாரிப்பு 2002இல் வெளியானது. தாங்கள் பெற்ற சிகிச்சையால் பிற்காலத்தில் உடல்நலம் பாதிக்கப்படலாம் என்று அறிந்திருந்தவர்கள் 35 சதவீதம்தான். 2006இல் இன்னொரு கணக்கு வந்தது. 1970க்கும் 1986க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டுப் பிழைத்த 10,000க்கும் அதிகமானவர்களைப் பார்த்தார்கள். 30 ஆண்டுகள் கடக்கும்போது 73 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட பிரச்சினை. 42 சதவீதம் பேருக்கு அது தீவிரமானது அல்லது உயிருக்கே ஆபத்தானது. இதயம், தைராய்டு, சிறுநீரகம், குழந்தைப்பேறு, இரண்டாவதாக வரும் வேறொரு புற்றுநோய்.

அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க யாரை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? உடன்பிறந்தவர்களை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. தீவிரமான பிரச்சினைகள் பிழைத்தவர்களுக்கு எட்டு மடங்கு அதிகம். அந்த அட்டவணையில் என் இடம் எது என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் ஒப்பீட்டுக் குழு.

தங்கை சொன்ன சிவப்பு மருந்து ஆந்த்ராசைக்ளின் வகையைச் சேர்ந்தது. டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் எல்லாம் அந்தக் குடும்பம். ரத்தப் புற்றுநோயில் பல லட்சம் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிய மருந்து, இதயத் தசையைச் சத்தமில்லாமல் பலவீனப்படுத்தவும் கூடியது. எவ்வளவு ஏற்றினார்கள் என்ற மொத்த அளவைப் பொறுத்தது ஆபத்து. சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் அதிக ஆபத்துக் குழு. இதயம் பல ஆண்டுகள் சமாளித்துக்கொண்டே இருக்கும். கர்ப்பம் மாதிரி கூடுதல் சுமை வரும்போது காட்டிக்கொடுக்கும். எக்கோ எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதேபோல், நெஞ்சில் கதிர்வீச்சு பெற்ற சிறுமிகள் 25 வயதிலிருந்தோ, கதிர்வீச்சு முடிந்து எட்டு ஆண்டுகளிலிருந்தோ, எது பின்னால் வருகிறதோ அப்போதிலிருந்து, மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதெல்லாம் 2003இலிருந்தே வழிகாட்டு நெறிகளாக அச்சில் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு 1991இலேயே தொடங்கப்பட்டது. அறிவு இல்லாமல் இல்லை. அதைப் பயன்படுத்த ஒரு தாள் வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த இடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு, இனி எதை எப்போது பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் சமாச்சாரம்.

குணப்படுத்தினால் மட்டும் போதாது என்று ஜூலியோ டி'ஆஞ்சியோ என்ற மருத்துவர் 1975இலேயே எழுதினார். ஆனாலும் வெற்றியை நாம் இன்றும் எப்படி அளக்கிறோம்? ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதம். 2030க்குள் உலகெங்கும் 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. நல்ல இலக்கு, ஏழை நாடுகளுக்கு அவசர இலக்கு. ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு ஐந்து ஆண்டு என்றால் 12 வயது. அந்த எண்ணும் ஒரு கதைதான். அதுவும் சினிமா முடியும் இடத்தில்தான் முடிகிறது.

4

இனி கிரீலியோடு எனக்குள்ள சண்டை.

நூலின் கடைசிப் பகுதியில், கண்ணாடியே பார்க்காமல் கிட்டத்தட்ட ஓராண்டைக் கழித்த லூசி, இரவில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைத் தேடுகிறார். அருமையான காட்சி. ஆனாலும் எனக்கு அது நெருடுகிறது. அதுவரை எந்தச் சமாதானத்தையும் நம்பாமல், அம்மாவின் 'அழாதே' என்ற ஒரே கட்டளை எப்படித் தன்னைப் பாழாக்கியது என்று ஈவிரக்கமில்லாமல் எழுதியவர், கடைசியில் நமக்கு ஒரு கதவைச் சாத்திக் கொடுக்கிறார். வாசகர் நிம்மதியாக எழுந்து போகலாம். எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், கொஞ்சம் தள்ளிப்போய்.

புத்தகம் முடிந்தது, உடம்பு முடியவில்லை. அறுவைசிகிச்சைகள் தொடர்ந்தன. கடைசிப் பெரிய அறுவைசிகிச்சைக்குப் பின் வலிநிவாரணிப் பழக்கமும் பிறகு ஹெராயினும் வந்ததை அவருடைய தோழி ஆன் பேட்செட் 'ட்ரூத் அண்ட் பியூட்டி'யில் (2004) எழுதினார். லூசி 2002 டிசம்பரில், 39 வயதில் இறந்தார். புற்றுநோய் இறப்புக் கணக்கில் அது வராது. பிழைத்தவர்கள் பட்டியலில்தான் அவர் இருப்பார்.

எழுத்தாளரின் மரணத்தைக் கொண்டு அவர் புத்தகத்தின் முடிவை அளப்பது நியாயமில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். 31 வயதில் தான் கண்ட சமாதானத்தை அவர் நேர்மையாகத்தான் எழுதியிருப்பார். என் புகார் அவர்மேல் என்பதைவிட, பிழைத்தவர் என்றால் வென்றவராக இருந்தே ஆக வேண்டும் என்ற நம் எதிர்பார்ப்பின்மேல். தமிழில் இந்தச் சொல்லே விசித்திரமானது. பிழைத்தல் என்றால் உயிர் தப்புவது. பிழைத்தல் என்றால் தவறுவதும்தான். பிழைப்பு என்றால் அன்றாடம் வயிற்றைக் கழுவுவது. மூன்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழி இது. 'வென்றவர்' என்ற மேடைச் சொல்லைவிட இது எனக்கு உண்மையாகப் படுகிறது.

பேட்செட்டின் நூல் வந்தபோது லூசியின் அக்கா சுவல்லன் கோபமாக எழுதினார். குடும்பத்தின் துக்கத்தைத் தோழி எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது அவர் புகார். அதைப் படித்ததிலிருந்து இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவன் எழுதலாமா?

5

அந்த போனுக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிகிச்சை தந்த இடத்தில் அத்தனை பழைய பதிவுகள் இல்லை என்றார்கள். வேறொரு புற்றுநோய் மருத்துவர் வயதையும் வருடத்தையும் கேட்டுக்கொண்டு, அந்தக் காலத்துச் சிகிச்சை முறையை வைத்து, என்ன கொடுத்திருப்பார்கள் என்று உத்தேசமாக எழுதிக் கொடுத்தார். எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் சக்தி இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவு. இதய மருத்துவரின் கண்காணிப்பில் பிரசவம் நடந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். இப்போது வருடத்துக்கு ஒருமுறை எக்கோ.

தலைக்கு வைத்த கரண்ட் பற்றியும் அந்த மருத்துவர் சொன்னார். சில குழந்தைகளுக்குப் பின்னாளில் கவனமும் கணக்குப் போடும் வேகமும் குறையும். அவளுக்கு அதனால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்று வந்த அவளை 'மக்கு' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது நான். அந்தப் பெயர் வீட்டில் பல வருடங்கள் இருந்தது.

பிறகு அவளுக்குக் கிரீலியின் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். லூசி எப்படி இறந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. எதற்குச் சொல்லிப் பயமுறுத்துவது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு கடைசில என்ன ஆனான்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்ணா சொல்லல? நானே தேடிப் பாத்துக்கிட்டேன். அம்மா ஃபைலைக் கொளுத்துச்சு. நீ இதை மறைச்சிட்ட. என்னைக் காப்பாத்துறேன்னு எல்லாரும் எனக்குத் தெரியாமலேதான் காப்பாத்துறீங்க."

இவ்வளவு நேரம் நான் சுற்றிச் சுற்றி எழுதியதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். பிழைத்தவர்களுக்குத் தேவைப்படுவது தங்கள் உடம்பின் கதையில் மற்றவர்களுக்குத் தெரிந்த அளவாவது தங்களுக்கும் தெரிவது. கிரீலி அதை யாரும் தராமல் தானே எழுதிக்கொண்டார். அவர் முடிவோடு எனக்குச் சண்டை இருந்தாலும், அந்தப் புத்தகத்தை நான் கொடுக்காமல் இருக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கட்டுரையை அவளுக்கு அனுப்பினேன். இரண்டு திருத்தங்கள் சொன்னாள். ஆரம்பத்தில் டைபாய்டு என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தேன். "அதை அம்மாதான் சொன்னாங்க, மாத்து" என்றாள், மாற்றிவிட்டேன். மாமியாருக்கு விஷயம் இன்னும் தெரியாது, ஊர்ப் பெயர் வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன். அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். அதன் நகல் ஒன்று என்னிடமும் இருக்கிறது.

அடுத்த எக்கோ மார்ச்சில்.